மூன்றாம் தொகுப்பின் குரல்

— இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிருங்க தம்பி. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்.

— எந்த வரி ஆன்ட்டி? எங்கிட்ட காகிதத்தைக் காட்டிப் பிரயோஜனம் இல்ல. பஞ்சுன்னு என் பேர் மட்டுந்தான் தமிழ்ல இருக்கு, எழுத்துக் கூட்டிண்டுதான் வாசிப்பேன். இதை எங்கப்பா எழுதிக் குடுத்தார். மாட்டுங்காவுல ரிடையராகற வரைக்கும் தமிழ் சொல்லிக் குடுத்தவர். நீங்களே முதல்லேர்ந்து உரக்க வாசிங்கோ. உங்க பொண்ணோட கச்சேரி, அரங்கத்துல வரவா எல்லாருக்கும் இதைத்தான் கையில குடுக்கப் போறோம். சாயங்காலம் அச்சுக்குப் போயாகணும்.

— ஊர்ல எட்டாங் கிளாஸ் படிச்சது இதுக்காச்சும் ஒதவட்டும். இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். “தாராவியிற் பிறந்து வளர்ந்த ரெபேக்கா, தம் பாடல்களைத் தாமே இயற்றித் தாமே இசை கூட்டித் தாமே பாடுகின்றவர். சிறு வயதிலேயே கோயிற் பாடற்குழுவிற் சேர்ந்த அவர்க்குப் பிறர் இயற்றியவற்றைப் பாடுவதில் நிறைவு உண்டாகவில்லை.” பாடற்குழுன்னா நம்ம பாட்டுக்குழுதான தம்பி?

— அதேதான். அப்பா டீ குடிச்சாக்கூட தேநீர் அருந்தினேன்னுதான் சொல்வார். விஷயம் சரியா இருக்கா?

— இருக்கு. நிறைவு உண்டாகலன்னு மரியாதயா எழுதியிருக்காவ. பூசையில நன்மை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில நிக்காவ, இந்தக் கோட்டிக்காரி பாட்டோட ராகத்த மாத்திட்டா. சாமியார் கையில அப்பத்தோட அப்பிடியே நின்னுட்டாரு. குழுவுல அத்தன பேரும் பழைய ராகத்துல போறாவ, இவ ஒருத்தி வேற வழியில போறா.

— நீங்க என்ன பண்ணேள்?

— பக்கத்துலதான் நின்னேன். பிள்ள தனியாப் போயிரக் கூடாதுல்லா. அவ பின்னாலயே நானும் போயிட்டேன். வீட்டுக்கு வந்து அவ அப்பா என்னயத்தான் ஏசுனாவ.

— அப்போ நீங்களும் பாடுவேளா?

— கோயில்ல எல்லாருந்தான் பாடுவாவ தம்பி. அடுத்தது வாசிக்கேன். “சயானில் உள்ள கல்லூரியிற் பயின்ற காலத்தில் வேல்ராஜ் என்னும் கிதார்க் கலைஞரோடு சேர்ந்து இந்திப் பாடல்களையும், பின்னர்த் தாம் எழுதிய ஆங்கிலப் பாடல்களையும் மேடைகளிற் பாடினார். தமிழிற் பாடல் வேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் ஒரு நாள் தற்செயலாய்த் தோன்றிற்று.”

— அந்த ஒரு நாள் நான் அங்கதான் இருந்தேன். பாந்த்ராவுல ஒரு கஃபே. அவ பாடிண்டிருக்கா, ஜனங்க பாஸ்தா தின்னுண்டிருக்கா. ஒருத்தரும் தலை நிமிரல. திடீர்னு கரென்ட் போச்சு, மைக் செத்துப் போச்சு. வந்துதே கோபம் அவளுக்கு. அதே ராகத்துல, அதே தாளத்துல, தாராவித் தமிழ்ல அவாளைத் திட்ட ஆரம்பிச்சா பாருங்கோ. மத்லப், ஒரு வார்த்தை புரியாதவாகூட முள்கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டா. அன்னிக்குத்தான் அவளுக்கே தெரிஞ்சுது, அவ பாட்டு எந்த பாஷையில இருக்குன்னு.

— அது அவ பாஷ இல்ல தம்பி. தண்ணி வர்ற நேரத்துல கொழாயடியில நான் ஏசுற ஏச்சு. முந்தி நிக்கவளயும் குடத்தத் தள்ளுறவளயும் ஏசுவேன்லா, அத வரி மாறாம எடுத்து வச்சிருந்தா. முதல் தொகுப்புல எட்டுப் பாட்டும் நான் ஏசுனதுதான். வேல்ராஜு வந்து, அத்தே, உங்களுக்கும் பங்கு உண்டும்பான். சிரிச்சிக்கிட்டே சொல்லுவான்.

— வேல்ராஜ் பேச்சை விடுங்கோ. அடுத்த பாரா தோல் பட்டறைதானே?

— ஆமா. “முதற்றொகுப்பு, தாராவியில் ஒரு தோற்பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளிற் பதிவு செய்யப்பட்டது.”

— அதுல என் பேர் வரணும்னு அப்பாகிட்டச் சொன்னேன். விளம்பரம் வேண்டாம்னுட்டார். ஸ்டூடியோவுக்கு வசதி இல்லாத நாள் ஆன்ட்டி. வேல்ராஜோட மாமா பை தைக்கற பட்டறைக்கு மைக்கைத் தூக்கிண்டு போனேன். சுவரைச் சுத்தி ஆளுயரத்துக்குத் தோல் அடுக்கியிருக்கு. கதவைச் சாத்தி ஒரு தடவை கை தட்டினேன். எதிரொலின்னு ஒண்ணே இல்ல. லட்சக்கணக்குல செலவு பண்ணிக் கட்டின ரூம்லகூட அப்படி ஒரு சத்தமில்லாத இடம் கெடையாது. நாத்தம் தாங்காம நான் மூக்குல கைக்குட்டை கட்டிண்டிருந்தேன். அவ பிந்தாஸா, நாத்தமே தெரியாத மாதிரி பாடினா. அப்போ அவ குரல் பிளேடு மாதிரி இருக்கும்.

— இருக்கும். சட்டி சாமானம் வெளக்கும்போதுகூட அப்பிடித்தான் பாடுவா. பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி செவுத்தத் தட்டுவா.

— அப்பறம் ரெண்டாவது தொகுப்பு. டிரம்ஸ் வேண்டாம், கிதார்கூடப் பாதிப் பாட்டுக்கு வேண்டாம்னுட்டா. மெதுவா, ரகசியம் பேசற மாதிரி. நல்லதுதான், ஆனா ஒருத்தரும் கேக்கல. இதே செம்பூர்ல ஒரு கச்சேரி வெச்சோம். நாற்காலியெல்லாம் காலி. வாடகைக்கு நாற்காலி குடுத்தவரே உக்காந்து கேட்டுட்டுப் போனார். அதுக்கப்பறந்தான் கொசுவத்தி விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் இந்தியில பாடப் போனா.

— அவ அப்பா செத்த வருசம் தம்பி அது. செத்த வீட்டுல எப்பிடிச் சத்தமாப் பாடுவா?

— எனக்கு அது தெரியாது. எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல.

— சொல்ல மாட்டா. பாட்டுல வச்சிருவா. கேக்குதவங்களுக்குப் புரிஞ்சா உண்டு.

— சரி, இப்போ அந்த வரிக்கு வாங்கோ. எதை அடிக்கணுங்கறேள்?

— இதுதான். “கழுத்தில் உண்டான கட்டிக்கு அறுவை மருத்துவம் பெற்று நோயினின்றும் மீண்ட பின்னர், அவர்தம் குரல் முன்னினும் கனிந்து, ஆழமும் அமைதியும் பெற்றது. மூன்றாம் தொகுப்பே அதற்குச் சான்று.”

— இதையா? ஆன்ட்டி, இந்தக் கச்சேரியே அந்த வரிக்காகத்தான் நடக்கறது. முதல் ரெண்டு தொகுப்பையும் ஞாபகம் வெச்சிண்டிருக்கறவா ஒரு ரூமுக்குள்ள அடங்கிடுவா. மூணாவதைத்தான் உல்லாஸ்நகர்லேர்ந்து சிங்கப்பூர் வரைக்கும் கேக்கறா. சயான்ல அவ்ளோ பெரிய அரங்கம், டிக்கெட் முக்காவாசி போயாச்சு. அந்தக் குரலை நேர்ல கேக்கணும்னு வரா. நான் இருவது வருஷமா இந்த ஹெட்ஃபோனை மாட்டிண்டு உக்காந்திருக்கேன், ஒரு குரல் இப்படி மாறி நான் கேட்டதில்ல. பிளேடு மாதிரி இருந்தது பழைய வேஷ்டி மாதிரி ஆயிடுத்து. அதுலயும் ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு தயக்கம் இருக்கு பாருங்கோ, யார்கிட்டயோ அனுமதி கேட்டுண்டு பாடற மாதிரி. அதை வெட்டி எடுத்துச் சீர் பண்ணலாமான்னு முதல்ல நெனச்சேன். நல்லவேளை கை வைக்கல. விமர்சனம் எழுதினவா எல்லாரும் அந்தத் தயக்கத்தைத்தான் எழுதியிருக்கா.

— தயக்கமா அது?

— பின்ன? ‘பொறுத்தேன்’ பாட்டை எடுத்துக்கோங்கோ. “பொறு என்றாய், பொறுத்தேன். விடியும் என்றாய், விழித்திருந்தேன். விடிந்தபோது என் வாயில் உன் பெயர் சொல்லவும் ஓசை இல்லை.” கடைசி வரிக்கு முன்னாடி ஒரு பெரிய மூச்சு. பாட முடியாமப் போயிடுமோன்னு நமக்கே பயம் வரும். பாடிண்டிருக்கறவளே வாயில ஓசை இல்லைன்னு பாடறா, என்ன ஒரு கற்பனை.

— கற்பனை இல்ல தம்பி.

— மத்லப்? என்ன சொல்றேள்?

— அவ வாயில ஓசை இல்ல. ஆபரேஷன் பண்ணுன டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. கட்டி அங்கன இருந்த நரம்பெல்லாம் சுத்திக்கிட்டாம். கட்டிய எடுக்கணும்னா அதயும் சேத்து எடுத்தாகணும்னாரு. இப்ப அவளுக்குக் காத்துதான் வருது. காதுகிட்டப் போனாத்தான் கேக்கும்.

— இல்லையே. பேசறதுதான் கஷ்டம், பாட்டு வரதுன்னு எனக்கு மெசேஜ் போட்டாளே. இங்க ஒரு தடவை வந்தா, கழுத்துல துணி சுத்திண்டிருந்தா, கையாலேயே எல்லாம் சொன்னா. வீட்லயே பதிவு பண்ணி அனுப்பறேன்னா, மைக்கைக் குடுத்தனுப்பினேன். தண்ணி வரதுக்கு முன்னாடி, விடிகாலைல, கொஞ்ச நேரந்தான் குரல் வரதுன்னு எழுதினாளே. கச்சேரிக்கும் சரின்னு எழுதினா, நானும் நம்பினேன். திக்கறவாகூடப் பாடினாத் திக்க மாட்டாங்கறாளே, அது மாதிரின்னு நெனச்சேன். ஆன்ட்டி, அப்போ மூணாவது தொகுப்புல பாடினது யாரு?

— உங்க மைக்கு எங்க வீட்டுல அரிசி டப்பாக்கு மேலதான் இருந்திச்சி. நான் அதுக்கு முன்னால நின்னேன்.

— நீங்களா?

— ஒரே வீட்டுக் கொரல்லா தம்பி. அவ கொரலு வயசானா எப்பிடி இருக்குமோ அதான் என் கொரலு. அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. வெக்கப்படாதீங்க.

— இருங்கோ. எனக்கு ஒரு நிமிஷம் குடுங்கோ. அப்போ பாட்டெல்லாம் எழுதினது?

— எல்லாம் அவதான். பாட்டும் அவ, ராகமும் அவ. அவளுக்குத் தமிழ் எழுத வராது, இங்கிலீசு எழுத்துலதான் எழுதிக்கிடுவா. அத எனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால ஒவ்வொரு வரியாச் சொல்லுவா. மொதல்ல ஆர்மோனியப் பொட்டிய அமுக்கி ராகத்த வாசிச்சிக் காட்டுவா. பொறவு என் காதுல ஒரு வரிய ஊதுவா. நான் அதப் பாடுவேன். பிடிக்கலன்னா என் தோள்ல அடிப்பா, மறுபடி பாடுவேன். பொறவு அடுத்த வரி. பாட்டு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க தயக்கம்னு சொன்னியள்லா, அது தயக்கம் இல்ல. அடுத்தாப்புல என்ன சொல்லப் போறாளோன்னு அவ வாயப் பாத்துக்கிட்டு நிக்கது.

— ஆண்டவா. இதை நான் சீர் பண்ணப் பாத்தேனே.

— ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து அவ எங்கிட்ட வேற எதுக்கும் வாய அசைக்க மாட்டா தம்பி. சோறு வேணுமான்னு கேட்டா தட்ட நகத்துவா, அவ்வளவுதான். பாட்டுக்கு மட்டுந்தான் என் காதுகிட்ட வருவா. அதுக்காகவே நான் பாடுனேன். இன்னும் ஒரு பாட்டு எழுத மாட்டாளான்னு இருந்தேன்.

— ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இதை ஏன் மறைக்கணும்? மகளுக்குக் குரல் போச்சு, அம்மா அவளுக்குக் குரல் குடுத்தா. இதைவிட மேடையில சொல்ல வேற என்ன வேணும்? அந்த வரியை அடிச்சுடலாம், அப்பா வேற எழுதித் தருவார். நீங்க வந்து பாடுங்கோ. ஜனங்க எழுந்து நிப்பா.

— பாட்டு விசயம்லா, அவளும் என் காதுல அதத்தான் சொல்லியிருக்கா.

— யாரு, ரெபேக்காவா?

— பின்ன எப்பிடி இந்தக் கச்சேரிக்கு ஒத்துக்கிட்டான்னு நெனச்சிய? பாட வாயில்லாதவ எந்தத் தைரியத்துல சரின்னா? என்னய நடுவுல நிக்க வச்சிருவாளாம். அவ ஓரமா உக்காந்து பொட்டி வாசிப்பாளாம். காதுல ஒவ்வொரு வரியாச் சொல்ல அங்கன முடியாதுல்லா, அதனால முழுசாப் பாடம் பண்ணச் சொல்லியிருக்கா. ராத்திரியும் பகலும் பாடம் பண்ணுதேன்.

— பாத்தேளா, எவ்ளோ பெரிய மனசு அவளுக்கு. தன் மேடையையே அம்மாவுக்குக் குடுக்கறா.

— அதப் பேசத்தான் வந்தேன் தம்பி. அவகிட்டச் சொல்லாம வந்திருக்கேன். நான் வாரேன். எத்தன பேருக்கு முன்னாடி வேணும்னாலும் நிக்கேன். எல்லாப் பாட்டும் பாடுதேன். அந்தப் பொறுத்தேன் பாட்ட மட்டும் எடுத்திருங்க. நீங்க சொன்னாக் கேப்பா. நேரம் பத்தலன்னு சொல்லுங்க, அரங்கத்துக்காரங்க ஒத்துக்கிடலன்னு சொல்லுங்க. ஏதாச்சும் ஒண்ணு.

— அதை மட்டும் கேக்காதீங்கோ. அந்தப் பாட்டுக்காகத்தான் பாதிப் பேர் வரா. அதுவும்போக அவ எனக்குக் கண்டிப்பா எழுதியிருக்கா, அதுதான் கடைசிப் பாட்டு, அப்போ அரங்கத்துல எல்லா விளக்கையும் போட்டுடணும்னு. பாடறவாளுக்குக் கேக்கறவா முகம் தெரியணுமாம்.

— எல்லா வெளக்குமா?

— ஆமா. இன்னொண்ணும் எழுதியிருந்தா. ஆண்டாப் ஹில்ல ஒரு ஜெபக்கூட்டம் இருக்காமே, நீங்க போயிண்டிருந்த இடம். அங்க வரவா எல்லாருக்கும் டிக்கெட் குடுக்கச் சொன்னா. முன்வரிசை. நேத்தே அனுப்பிட்டேன். அவாள்லாம் அவளுக்காக எவ்ளோ பிரார்த்தனை பண்ணியிருப்பா, அந்த நன்றி.

— ஜெபம் பண்ணுனாவ. கழுத்துல எண்ணெய் தடவுனாவ. ஒரு உபவாசம் முடிஞ்சி இன்னொரு உபவாசம் வச்சாவ. கட்டி சின்னதாப் போயிட்டுன்னு அவங்களே தடவிப் பாத்துச் சொன்னாவ. அவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டியளா தம்பி?

— அனுப்பியாச்சு. வரேன்னும் சொல்லிட்டா. ஏன் ஆன்ட்டி, தண்ணி தரட்டுமா? முகம் என்னமோ மாதிரி ஆயிடுத்து.

— வேண்டாம். பாட்ட எடுக்க முடியாதுங்கிய.

— முடியாது. நியாயமும் இல்ல. உங்களுக்கு அந்தப் பாட்டு ஏன் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கட்டி சின்னதா இருந்தப்பவே வெட்டியிருந்தா நரம்பு தப்பிச்சிருக்கும். பெங்களூரு, சென்னை, கொச்சின்னு கச்சேரி போட்டு வெச்சிண்டு, அதெல்லாம் முடியட்டும், பொறுன்னு சொல்லியிருக்கான் அந்த வேல்ராஜ். குரல் போனதும் பெங்களூருக்கு ஓடிப் போயிட்டான். அவனைப் பத்தின பாட்டை அவளோட அம்மாவே பாடணும்னா வயிறு எரியத்தான் எரியும்.

— அவன் அப்பிடி யார்கிட்டயும் சொன்னானா?

— அவன் எதுக்குச் சொல்றான்? பாட்டைக் கேட்டாத் தெரியாதா? கேட்டவா எல்லாருக்கும் தெரியும், அது ஏமாத்திட்டுப் போன ஒருத்தனைப் பத்தினதுன்னு.

— அவன் நல்ல பையன் தம்பி. அவனச் சொல்லாதீங்க.

— உங்களுக்கு மனசு வராது. நான் விடப் போறதில்ல. அவனுக்கும் ஒரு டிக்கெட் அனுப்பியிருக்கேன், முன்வரிசையில, சரியா நடுவுல. விளக்கெல்லாம் எரியும். பொறுன்னு சொன்னவன் தலையைக் குனிஞ்சிண்டு உக்காந்து கேக்கட்டும்.

— அவன் கச்சேரியெல்லாம் ரத்துப் பண்ணிட்டு, ஆஸ்பத்திரியில நாளுங் குறிச்சி வாங்கிட்டு, டாக்சியோட எங்க வாசல்ல வந்து நின்னான் தம்பி. பிள்ள பையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிட்டா. வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டு, ஜெபம் முடியட்டும், பொறுன்னு சொன்னது நான்.